தண்ணீர்ப்பந்தல் யாருடைய வேலை?

சிவமயம்

சென்ற மாசித் திங்களில், வண்ணாரப்பேட்டையில் யான் உறுப்பினனாயுள்ள சைவ சபையொன்றின் பொதுக்கூட்டம் கூடிற்று. அதில் யான் ஒரு சிறு தீர்மானம் கொணர்ந்தேன். திருவொற்றியூர் செல்லும் அடியார்க்கு ஆண்டிற்கொருமுறை நம் சபை மோர்ப்பந்தல் இடுகின்றது. காலையில் இட்டதை மாலையில் பிரித்துவிடுகின்றது. அதனை நிலையான தண்ணீர்ப்பந்தலாக்கி, நீரைத் தூய்மை செய்யுங் கருவியுடன், லாரித் தண்ணீருக்குக் குடம் வைத்துக் காத்திருக்கும் மக்கள் வாழுந் தெருவொன்றில் அமைத்தல் வேண்டும். செலவினைச் சபையின் வைப்புப்பணத்து வட்டியிலிருந்து கொள்ளலாம் என்பதே அத்தீர்மானம். அன்பர் ஒருவர் எழுந்தார். அவர் சித்தாந்த சாத்திரங்களை முறையாகப் பாடங்கேட்டவர். அனுட்டானம் ஒருநாளும் வழுவாதவர். "அது பாதிரிமார் செய்கிற வேலை, நமக்கெதற்கு?" என்றார். கூட்டத்திற் பலர் நகைத்தனர். தீர்மானம் தள்ளிவைக்கப்பட்டது. அந்நகைப்பொலி என் செவியினின்றும் இன்னும் நீங்கவில்லை. ஆகலின் இதனை எழுதத் துணிந்தேன்.

கூட்டங் கலைந்தபின் அவ்வன்பர் தம் கருத்தை எனக்கு விரித்துரைத்தார். ஆப்பிரிக்க நாட்டுச் சிற்றூர்களிற் கிறிஸ்தவ சங்கத்தார் குழாய்க்கிணறு இறக்கி வருகின்றனர். அமெரிக்காவில் ஹூஸ்டன் நகரில் 1990இல் தோன்றிய லிவிங் வாட்டர் இண்டர்நேஷனல் என்னுஞ் சங்கம் அதனையே தன் பெருந்தொழிலாகக் கொண்டு, நீரோடு சுவிசேஷமுங் கொடுப்பதே தன் நோக்கமென வெளிப்படையாகவே சொல்லுகின்றது. "ஆகவே, அவர் கொடுப்பது தண்ணீரன்று, தூண்டிற்புழு. சிவனை நினையாது செய்தலால் அஃது அறமேயாயினும் பசுபுண்ணியமே. அதனைப் பார்த்து நாமுஞ் செய்யப் புகுவது சைவர்க்கு இழிவு" என்பது அவர் வாதம்.

இவ்வாதத்துள் உண்மை சிறிதுமில்லை என்று யான் கூறேன். தாகத்தால் நாவறண்டவன் முன் ஒரு கையிற் குவளையும் மறுகையிற் புத்தகமும் நீட்டுவது நேரிய செயலன்று. பெறுவோன் 'வேண்டா' என்று சொல்லும் நிலையிலில்லாதபொழுது அவனுக்கு உபதேசஞ் செய்யப்புகுதல் உபதேசமாகாது. இதனை நாம் மறுத்தே தீர்தல் வேண்டும். ஆனால், நீர் கொடுத்தல் பாதிரிமார் தொழில் என்று ஒரு சைவர் சைவ சபை நடுவில் நின்று சொல்லவும், அதுகேட்டுச் சைவர் சிரிக்கவும் ஆயிற்றே, அதனை எங்ஙனம் பொறுப்பது?

திங்களூரை அவர் மறந்தனர் போலும். அப்பூதியடிகள் நாயனார் தாம் இட்ட தண்ணீர்ப்பந்தருக்குத் தம் பெயர் வைத்திலர். தாம் கண்ணாலுங் கண்டறியாத திருநாவுக்கரசர் பெயரை எழுதுவித்தார். சாலைக்கும் அப்பெயர், குளத்துக்கும் அப்பெயர், பெற்ற மக்களுக்கும் அப்பெயர். எழுதியவர் அந்தணர், எழுதப்பட்டவர் வேளாளர். அரசே அவ்வழி வந்து, 'நும் பெயரை எழுதாது வேறொரு பெயரை எழுதியதென்னை?' என்று வினவியபோது, கேட்டவர் இன்னாரென்றறியாத அடிகள் சினந்தார் என்று சேக்கிழார் பெருமான் அருளியுள்ளார். எனவே, நீர்நிலைக்குத் தம் பெருமானுடைய அல்லது அவனடியாருடைய பெயரையிடுதல் பாதிரிமார் கண்டுபிடித்த உபாயமன்று. குழாயின்மீது ஏசுவின் பெயரை எழுதினர் என்று நாம் குறை கூறுவோமாயின், திங்களூர்ப் பந்தரை என் செய்வது?

பெயரிற் குற்றமில்லையாயின் வேறு எதனிற் குற்றம் எனின், நிபந்தனையிற் குற்றம் என்க. குடிப்பவனை நோக்கி நீர் யாதேனும் வினவுகின்றதா? 'நீ யார்? எம் மதத்தானா? எச்சாதியான்? நாளை எம் கோவிலுக்கு வருவையா?' என்று கேட்குமாயின் அது கறைப்பட்ட நீர். ஒன்றுங் கேளாதாயின், எவர் இறைத்த நீராயினும் அது தூய நீரே. அப்பூதியார் பந்தரில் வழிப்போக்கருடைய நெற்றி ஆராயப்பட்டதாக ஒரு சொல்லுஞ் சேக்கிழார் கூறிற்றிலர். பாதிரிமாரை அளக்க இக்கோலை எடுப்போமாயின், இக்கோலால் நம்மையும் அளந்துகொள்ளுதல் வேண்டும். அங்கேதான் அன்பர்க்கு முகம் வாடும்.

முதலிற் பாதிரிமாரையே அளப்போம். 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டிய தாதுவருடப் பஞ்சத்திலே, ஒங்கோலிலிருந்த அமெரிக்க பாப்டிஸ்ட் பாதிரியார் கிளவ் என்பார், பக்கிங்காம் கால்வாயின் ஒரு பகுதியை வெட்டும் குத்தகையைத் தாமே ஏற்றுப் பட்டினியால் மெலிந்தோர்க்குக் கூலிவேலை கொடுத்தார். எங்கள் தண்டையார்பேட்டைப் பக்கமாக இன்று கரிய சாக்கடையாய்க் கிடக்கின்றதே, அதே கால்வாயின் வடகூறு அது. கூலிபெற்றோர் பலர் மதம் புகுவோம் என்று வந்தனர். பஞ்சம் நீங்குமளவும் எவருக்கும் ஞானஸ்நானங் கொடுப்பதில்லை என்று அவர் நிறுத்திவைத்தார். கஞ்சி கொடுப்பது நின்றபின்னரும் அவர்கள் வந்தனர். 1878 ஜூலையில் ஒரே நாளில் 2,222 பேர் ஞானஸ்நானம் பெற்றனர். வந்தவருட் பெரும்பாலார் மாதிகர், ஊர்க்கிணற்றண்டை நெருங்கவிடப்படாதவர். இதனைத் தூண்டிற்புழு என்று ஒருசொல்லால் ஒதுக்குவது எளிது. புழு எடுக்கப்பட்ட பின்னும் மீன் கரைக்கு வந்ததேன் என்னும் வினாவுக்கு விடை சொல்லுவதே அரிது. தடாகத்தில் அம்மீனுக்கு இடமில்லாமற் செய்தவர் யார்?

இனி, அன்பர் நகைத்த அந்தக் குழாயின் கோத்திரத்தையும் சற்று ஆராய்வோம். அவர் நாள்தோறும் பூசைக்கு நீர் பிடிப்பது எங்கள் தெருமுனையில் நிற்கும் அடிகுழாயிலே. இந்தியா மார்க் 2 எனப்படும் இனத்தைச் சேர்ந்தது அது. 1960களின் பிற்பகுதியிற் பெருவறட்சி வந்தபோது நாடெங்கும் கற்பாறையைத் துளைத்துக் குழாய்க்கிணறுகள் இறக்கினர். அவற்றின்மேற் பொருத்தியவை ஒரு குடும்பம் புழங்குவதற்கென வார்க்கப்பட்ட இரும்புக் குழாய்கள். ஊரெல்லாம் ஓயாது அடித்தமையால் அவை முறிந்தன. 1970களின் நடுவில் எண்ணிப் பார்த்தபோது பெரும்பாலானவை நீர் தாராது நின்றன. அக்காலத்து மகாராட்டிரத்தில், ஜால்னா மிஷன் சார்பிற் கிணறு இறக்கி வந்தவர்கள் எஃகினால் ஒரே அச்சிற் சுழலும் கைப்பிடியுடைய குழாயொன்று செய்தனர். சோலாப்பூரில் மிஷன் சார்புடைய கிணற்று நிலையத்தார் அதனைத் திருத்தினர். அவ்வழியைப் பின்பற்றி யூனிசெப் நிறுவனமும் அரசாங்கமுங் கூடி இந்தியா மார்க் 2 என்பதனை வகுத்தன. கோயமுத்தூர்ப் பக்கத்துச் சிற்றூர்களில் வைத்துச் சோதித்து, அரசாங்கத்துக்குரிய ரிச்சர்ட்சன் குருடாஸ் நிறுவனத்தார் நம் சென்னையிலேயே 1970களின் பிற்பகுதியில் அதனைப் பெருக வார்த்தனர். இன்று ஆப்பிரிக்காவில் உகாண்டா முதலிய நாடுகளிற் சிற்றூர்ச் சிறுவர் தொங்கிக்கொண்டு அடிக்கும் குழாய்களுள் மிகப்பல இவ்வினத்தனவே.

எனவே, பாதிரிமார் பட்டறையிற் பிறந்து, சென்னைத் தொழிலாளர் கையில் வளர்ந்து, கடல் கடந்து ஆப்பிரிக்கா சென்ற குழாய் அது. அதன் உடன்பிறப்பில் நீர் பிடித்துத்தான் அன்பர் சிவலிங்கத்துக்குத் திருமஞ்சனமாட்டுகின்றார். எம்பெருமான் அந்நீரை வேண்டாவென்று ஒதுக்கியதாகத் தெரியவில்லை.

பசுபுண்ணியம் என்னும் ஆட்சேபத்துக்கு வருவோம். சிவபுண்ணியத்துக்கும் பசுபுண்ணியத்துக்கும் வேறுபாடு உண்டென்பது நம் ஆசாரியர்கள் துணிபு. 'யான் செய்கின்றேன்' என்னும் முனைப்போடு செய்யும் நல்வினை போகத்தைத் தந்து கழியும், வீட்டுக்கு வாயிலாகாது. இஃது உண்மை. ஆயினும் இவ்வேறுபாடு செய்பவனுக்கு உரியது. நீர் குடிப்பவனுக்கு உரியதன்று. தாகந் தீர்ந்தவன் தொண்டை, தன்னை நனைத்தது எப்புண்ணியம் என்று வினவுவதில்லை. அன்றியும், எவர் எத்தெய்வத்தை வழிபடினும் அத்தெய்வமாய் நின்று அதன் பயனை அளிப்பவன் அம்மையப்பனே என்று அருணந்திசிவாசாரியர் சித்தியாரில் அறுதியிட்டுள்ளாரே! அங்ஙனமாயின் மலாவி நாட்டில் ஒரு பாதிரியார் செய்த நல்வினைக்குப் பயன் கொடுப்பவன் யார்? அவனேயன்றோ? அதனைப் பாதிரியார் அறியார். அறிந்த நாமோ சிரிக்கின்றோம். பிறர் செய்வது பசுபுண்ணியம் என்று சொல்லிக்கொண்டு யாதொரு புண்ணியமுஞ் செய்யாதிருப்பதற்குச் சாத்திரத்தில் என்ன பெயரென்று அன்பரே தேடிச் சொல்லுக.

நீர் எம்பெருமானுடைய அட்டமூர்த்தத்துள் ஒன்று. திருவானைக்காவில் அவன் அப்புலிங்கமாகவே எழுந்தருளியிருக்கின்றான். இதனை நாம் மேடைதோறும் பேசுகின்றோம். பேசிக்கொண்டே, அம்மூர்த்தத்தை ஒருசாராருக்கு எட்டாதபடி எத்தனை நூற்றாண்டு மறித்து வைத்தோம்!

இவ்விடத்து என் மனத்தை நெடுங்காலமாக அரித்துவரும் ஒன்றைச் சொல்லுகின்றேன். யான் ஆதீனப் பாடசாலையில் இளைஞனாயிருந்து பெரியபுராணம் பாடங்கேட்டபொழுது, திருநாளைப்போவார் புராணத்தில், திருப்புன்கூரில் நந்தி விலகிய செய்தியை ஆசிரியர் கண்ணீர் மல்கச் சொன்னார். நாங்களும் கண்ணீர் மல்கக் கேட்டோம். அதனையடுத்து வருஞ் செய்தியை ஒருவரும் நின்று நோக்கவில்லை. நந்தி விலகக் கண்டு தொழுத நாயனார் என் செய்தார்? கோயிலின் பக்கத்தே ஒரு பள்ளத்தைக் கண்டார். அதனைக் குளமாகத் தோண்டி முடித்தபின்னரே தம் ஊருக்கு மீண்டார். உள்ளே நுழைய ஒட்டாத கோயிலுக்கு அவர் குளந் தோண்டினார்! திருவாரூரிலே பிறவிக்குருடராகிய தண்டியடிகள், கோல் நட்டுக் கயிறு கட்டி, அதனைத் தடவித் தடவி மண் சுமந்து கமலாலயத்தைப் பெருக்கினார். குருடர் ஒருவர், தீண்டார் என்று தள்ளப்பட்டவர் ஒருவர், இவ்விருவருமே நம் திருத்தொண்டத்தொகையிற் குளந் தோண்டிய பெருமக்கள். தண்டியடிகள் மண் சுமந்தபோது பக்கத்தில் நின்று நகைத்தவர் யாரென்பதையும் புராணம் சொல்லுகின்றது. எங்கள் சபையில் அன்று எழுந்த நகைப்பைக் கேட்டபோது எனக்கு அதுவே நினைவுக்கு வந்தது.

திருநாளைப்போவார் தோண்டிய குளத்து நீரை அவர் குலத்தார் மொள்ள இயன்றதா? பொதுக்கிணறு, பொதுக்குளம், பொதுவழி எல்லார்க்கும் உரியவை என்று 1924இல் இரட்டைமலை சீனிவாசன் அவர்கள் சென்னைச் சட்டசபையில் ஒரு தீர்மானங் கொண்டுவர வேண்டியிருந்தது. மகாராட்டிரத்தில் மஹாட் நகரக் குளத்து நீரைக் கையாலள்ளிக் குடிப்பதற்காக அம்பேத்கர் 1927இல் ஆயிரக்கணக்கான மக்களை அழைத்துச் செல்ல வேண்டியதாயிற்று. 'அவையெல்லாம் பழங்கதை' என்பீராயின், 2022 டிசம்பரில் புதுக்கோட்டை மாவட்டத்து வேங்கைவயலில், ஒதுக்கப்பட்ட மக்கள் குடிக்கும் மேனிலைத் தொட்டியில் மலம் கலந்திருக்கக் கண்டார்களே, அது பழங்கதையா? செய்தவர் யாரென்பது வழக்கில் உள்ளது. அதனுட் புக யான் விரும்பேன். ஆனால், அதுபற்றி விசாரிக்கப் போன மாவட்ட ஆட்சியர், அம்மக்களை அவ்வூர்க் கோயிலுக்குள் தாமே அழைத்துச் செல்லவேண்டியிருந்தது. இதில் வழக்கில்லை. அச்செய்தி வந்த வாரத்தில், நம் சபை சார்பில் அவ்வூருக்கு நூறு குடம் நல்ல தண்ணீராவது அனுப்பலாகாதா என்று கேட்டேன். ஒருவரும் வாய் திறக்கவில்லை. அவ்வாரம் மார்கழித் திருப்பள்ளியெழுச்சிக்குச் சுண்டல் வகை பற்றிய பேச்சு மிகுதியாயிருந்தது.

இதற்கு நேர்மாறாக ஒன்று கூறுவேன். வேலூர் மருத்துவக் கல்லூரியிற் பயின்ற ஆரோலே என்னுங் கிறிஸ்தவத் தம்பதியர் 1970இல் மகாராட்டிரத்து ஜாம்கேட் என்னும் வறண்ட பகுதிக்குச் சென்று மருத்துவப்பணி தொடங்கினர். நோய்க்கு மூலம் நீரே எனக் கண்டு குழாய்க்கிணறுகள் இறக்க முற்பட்டபோது, அவற்றை ஊர்நடுவில் வையாமல் ஒதுக்கப்பட்டோர் குடியிருப்பில் வைக்குமாறு பார்த்துக்கொண்டனர். நீர் வேண்டுமாயின் மேற்சாதியாரும் அங்கே குடத்தோடு வந்தேயாகவேண்டும். வந்தனர். எத்தனை மேடைப் பிரசங்கங்கள் செய்யாததை ஓர் அடிகுழாயின் இடம் செய்தது! நந்தி விலகிய செயலுக்கு ஒப்ப, ஊர்த்தெருவே விலகி வழிவிட்டது என்பேன். இதனை ஒரு சைவர் செய்திருத்தல் கூடாதா?

இவ்வளவு கூறியதால் யான் பாதிரிமார்க்குப் பரிந்து பேசுவதாக எவரும் கொள்ளற்க. அவர் முற்றத்திலும் குப்பையுண்டு. தம் வேதநூலில் ஏசு, தம்மினத்தார் விலக்கிய சமாரியப் பெண்ணிடமே கிணற்றடியில் தண்ணீர் கேட்டார் என்று ஓதுவார். ஆனால் இந்நாட்டில் வடக்கன்குளத்துத் தேவாலயத்தை, சாதியார் ஒருவரையொருவர் காணாவண்ணம் இருகூறாகக் கட்டி வைத்திருந்தனர். அத்தடைச்சுவர் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேதான் வீழ்ந்தது. ஆப்பிரிக்காவிலும், நீர் பீறிடும் முதல் நாளைப் படமெடுத்துத் தம் நாட்டிற் பணந் திரட்டுவதில் உள்ள ஊக்கம், ஐந்தாண்டு கழிந்தபின் தேய்ந்த தோல்வளையத்தை மாற்றுவதில் இருப்பதில்லை. அக்கண்டத்து அடிகுழாய்களுள் ஏறத்தாழ மூன்றிலொன்று ஒரு காலத்தே பழுதுற்று நின்றதாக ஆராய்ந்தோர் கணக்கிட்டனர். எல்லாம் மிஷனார் வைத்தவையல்ல, அரசாங்கங்கள் வைத்தவையும் உள. ஆயினும் படம் எடுத்தவர் திரும்பி வந்து பார்த்திருத்தல் வேண்டும். அவ்வூரார் தம் தெய்வங்களையெல்லாம் இருளென்று இழித்துரைத்துவிட்டு நீரூற்றுவதும் மனிதர்க்குத் தகாது. இவற்றைக் கண்டிக்க நமக்கு உரிமையுண்டு. ஆனால் அவ்வுரிமை நம் பந்தலில் நீர் நிறைந்திருக்கும் நாளிலேயே செல்லும்.

நம் நாவலர் பெருமானை நோக்குக. பாதிரிமாரை அவரினும் கடுமையாய் எதிர்த்தவர் சைவருள் எவர்? பெர்சிவல் பாதிரியாரோடிருந்து விவிலியத்தைத் தமிழாக்க உதவியவர். பின் அவர்களைக் கண்டித்து நூல் மேல் நூல் எழுதியவர். அவரே 1870களின் பிற்பகுதியில் யாழ்ப்பாணத்தில் பஞ்சம் வந்தபோது கஞ்சித்தொட்டி நடத்தினார். 'கஞ்சி ஊற்றுவது பாதிரிமார் வேலை' என்று அவர் சொல்லவில்லை. எங்கள் பேட்டையிலுள்ள ஸ்டான்லி மருத்துவமனையை முதியோர் இன்றும் 'கஞ்சித்தொட்டி ஆசுபத்திரி' என்பர். 1782ஆம் ஆண்டுப் பஞ்சத்தில் மணியகாரர் சத்திரத்தில் ஊற்றிய கஞ்சியின் நினைவு அது. ஊற்றியவர் பெயர் மறைந்தது, கஞ்சியின் பெயர் நின்றது.

எம் பேட்டைக்கு நீரோடுள்ள உறவு பழையது. கும்பினியார் துணிகளை வெளுத்தவர் குடியிருந்தமையாற் பெற்ற பெயர் வண்ணாரப்பேட்டை. அணித்தேயுள்ள ஏழுகிணற்றினின்று 1772 முதல் நீர் இறைத்துக் கோட்டைக்கு அனுப்பினர். கோட்டைக்குள் இருந்தவர் குடித்தனர், இறைத்த ஊரார் பார்த்திருந்தனர். 2013இல் தண்டையார்பேட்டையிற் குழாய்க்கசிவால் நிலத்தடி நீரில் எண்ணெய் கலந்தது. 2019 கோடையிற் புழல் முதலிய ஏரிகள் வற்றி, ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து இரயிலில் நீர் வந்தது. அக்கோடையில் மழை வேண்டிக் கோயில்களில் வருண ஜபம் நடந்தது. சில கோயில்களில் வேதியர் நீர் நிறைந்த அண்டாக்களுள் அமர்ந்து ஜபித்தனர். ஜபத்தை யான் இகழேன்; சுந்தரமூர்த்தி சுவாமிகள் திருப்புன்கூரிற் பாடி மழை பெய்வித்தமை நாமறிந்ததே. ஆனால் ஜபம் முடிந்தபின் அந்த அண்டா நீர் தெருவுக்கு வந்ததா என்று கேட்க எனக்கு ஆசை.

அதே கோடையில் ஓரிரவு, அறுபதை அணுகிய யான், இரண்டு குடங்களோடு லாரிக்குக் காத்திருந்து, லாரி வாராமையால் திரும்பினேன். வழியில் ஒரு தேவாலயத்து வளாகக் கிணற்றைத் திறந்து வைத்திருந்தனர். நெற்றியில் நீறும் கழுத்தில் உருத்திராக்கமுமாகத் தயங்கி நின்றேன். வாயிலில் இருந்தவர் என்னை ஒரே கேள்வி கேட்டார்: "எத்தனை குடம் ஐயா?" இரண்டென்றேன். தாமே நிறைத்து, ஒன்றைத் தெருமுனை வரை சுமந்தும் வந்தார். மறுநாட் காலை அந்நீரால்தான் எங்கள் வீட்டில் பூசை நடந்தது.

அன்பர் இதனைப் படிப்பார் என்று நம்புகின்றேன். வருகின்ற சித்திரைக் கூட்டத்தில் அத்தீர்மானத்தை மீண்டுங் கொணர்வேன். பந்தலின்மீது கொடுத்தோர் பெயர்ப்பட்டியல் வேண்டா. 'திருநாவுக்கரசர் தண்ணீர்ப்பந்தல்' என்று மட்டும் எழுதினாற் போதும். இடம், சபை மண்டபத்து வாயிலாக இருத்தலாகாது. கால்வாய்க்கரையிற் குடிசைகள் உள்ள தெருவாக இருத்தல் வேண்டும். சபையார் நீர் பருக விரும்பின் அங்கே நடந்து செல்வாராக. ஆண்டுக்கிருமுறை கருவியைப் பழுதுபார்ப்பதற்கென என் ஓய்வூதியத்தினின்று ரூபாய் 6,000 தனியே எடுத்து வைத்துள்ளேன்.